முறத்தில் கொட்டிய மருந்து

நான் செய்த மருந்து வேலை செய்தது. அதை உலகத்துக்குக் காட்ட முடியாமல் போனதற்குக் காரணம் என் சொந்த அக்காள். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதி வழியில் அவளுக்காகப் பரிந்து பேசத் தொடங்கிவிடுவேன். அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை.

அக்காள் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவள்தான். எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. அப்பா பண்ணையாள். மிராசுதாரின் மகன் அரிசி மில் வைத்தபோது, வயலில் இறங்கிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் மில் களத்துக்கு மாறினார்கள். அக்காளும் மாறினாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவிவிட வேண்டும், காய்ந்ததும் கூட்டி அள்ள வேண்டும். அது போக உலைக்கு உமி தள்ளுவது, தவிட்டைச் சாக்கில் பிடிப்பது. அந்தத் தூசியை வருஷக்கணக்காகத் தின்றாள். முப்பத்தைந்து வயதுக்குள் இளைப்பு வந்துவிட்டது. தை, மாசியில் போரடிக்கும்போது நெல்லின் சுணை காற்றில் ஏறும். அக்காள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருப்பாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். பேச்சு வராது. லீவுக்கு வந்திருக்கும் என்னைக் கண்ணாலேயே சாப்பிடச் சொல்வாள்.

நான் அரசாங்க விடுதியில் தங்கி மருந்தாளுமை படித்தேன். இரண்டு கழக ஆட்சிகளும் மாறி மாறி வந்து எங்கள் தெருவுக்குச் செய்ததில் உருப்படியான காரியம் அந்த விடுதி ஒன்றுதான் என்று நான் சொல்வேன். "ஏன், தார் ரோடு போடல?" என்று அக்காள் கேட்பாள். அந்தத் தார் ரோடு மில் வாசல் வரைக்கும்தான் வந்தது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சென்னையில் ஒரு நடுத்தர மருந்துக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. சில வருஷங்கள் கழித்து, நுரையீரல் மருந்துப் பிரிவில் போட்டார்கள். ஆஸ்துமாவுக்கு அப்போதே இரண்டு விதமான உறிஞ்சும் மருந்துகள் இருந்தன. ஒன்று இறுகிப்போன மூச்சுக் குழாயைத் தளர்த்தும். இன்னொன்று உள்ளே இருக்கும் வீக்கத்தை நாள்பட நாள்பட வற்ற வைக்கும். நம் ஜனங்கள் முதலாவதை மட்டும் வாங்குவார்கள், ஏனென்றால் உறிஞ்சிய மாத்திரத்தில் சுகம் தெரியும். இரண்டாவதை உறிஞ்சினால் உடனே ஒன்றும் தெரியாது, அதனால் அதை விட்டுவிடுவார்கள். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். ஒருநாள் அது ஆளையே சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே கேப்சூலில் தூளாக அடைத்துவிட்டால், ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. நாங்கள் செய்ய நினைத்தது அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. என் வாழ்நாளில் ஐந்து வருஷத்தை அது தின்றது. மருந்துத் துகள் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், ரொம்பச் சிறிதானால் விட்ட மூச்சோடு வெளியே போய்விடும். அவ்வளவு பொடியான தூள் தனியாக நகராது என்பதால், பால் சர்க்கரைத் தூளோடு கலந்து அதன் முதுகில் ஏற்றி அனுப்ப வேண்டும். உறிஞ்சும்போது முதுகை விட்டு இறங்கவும் வேண்டும். என் இரண்டு மருந்துகளில் ஒன்று ஒழுங்காக இறங்கியது. இன்னொன்று விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டது. மழைக் காலத்தில் இரண்டும் சேர்ந்து கட்டி தட்டியது.

சோதனைக்குக் கண்ணாடியில் செய்த தொண்டையும் அதன் கீழே ஒரு குடுவையும் உண்டு. பம்பு ஒன்று மூச்சை இழுப்பதுபோல் காற்றை இழுக்கும். குடுவைக்கு வந்து சேரும் தூள்தான் நுரையீரலுக்குப் போகும் தூள். புத்தகத்தில் சொல்லியிருக்கிற வேகம் நல்ல திடகாத்திரமான ஆளின் மூச்சு. நான் ஆரம்பத்திலேயே ஒரு லீவில், மூச்சின் வேகத்தை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய் அக்காளை உறிஞ்சச் சொன்னேன். அவள் இழுத்தது அதில் பாதிதான். திரும்பி வந்து பம்பை அந்த அளவுக்குக் குறைத்து வைத்தேன். அந்தப் பாதி மூச்சுக்கு இரண்டு மருந்தும் இறங்கினால்தான் சரி என்று வைத்துக்கொண்டேன். ஐந்து வருஷமும் அந்தச் சோதனைச் சாலையில் பம்பு இழுத்துக்கொண்டிருந்தது என் அக்காளின் மூச்சைத்தான். கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரியாது.

கடைசியில் இரண்டும் இறங்கின. அன்று நான் யாரிடமும் சொல்லாமல் குளியலறைக்குப் போய் அழுதேன்.

அடுத்தது ஆட்களிடம் சோதித்துப் பார்ப்பது. கம்பெனியில் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றைப் பேசி வைத்திருந்தார்கள். தஞ்சாவூர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். நெல் தூசியில் வேலை செய்கிறவர்களிடம் நிரூபித்தால்தான் நிரூபித்த மாதிரி என்று இயக்குநரிடம் வாதாடினேன். தஞ்சாவூரில் நெஞ்சுநோய் டாக்டர் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவர் ஒத்துக்கொண்டார். ஒரு வருஷச் சோதனை. பாதிப் பேருக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த கேப்சூல், மீதிப் பேருக்கு வீக்கம் வற்றும் மருந்து மட்டும் உள்ள கேப்சூல். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சீல் வைத்த உறையில் இருக்கும். சோதனை முடிந்த பிறகும் கலந்துகொண்டவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் மருந்து இலவசமாகத் தருவது என்று பேச்சு.

சேர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும். நானே கூட்டிப்போய், நானே டாக்டரிடம் காட்டி, நானே பட்டியலோடு திரும்பி வந்தேன். தெருக்கோடியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொட்டகை உண்டு. எல்லோரையும் அங்கே கூட்டி வைத்துப் பெயர்களை வாசித்தேன். பெயர் வந்தவர்கள் முன்னால் வந்து கேப்சூல் பெட்டியும் இன்ஹேலரும் வாங்கிக்கொண்டார்கள். அக்காள் பெயர் இருந்தது. வாசித்து முடித்தபோது ஒரு கூட்டம் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றது. காசநோய் வந்து போனவர்கள், வயது கடந்தவர்கள், பீடி குடிக்கிறவர்கள். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

அந்தக் கூட்டத்தில் சித்தப்பா நின்றார். ரத்த சம்பந்தம் கிடையாது, அக்காள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சின்ன வயதிலிருந்தே சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். கூலிப் போராட்டக் காலத்தில் சங்கத்துக்கு நின்று அடிபட்டவர். வாழ்நாள் முழுக்கப் பீடி. வீட்டிலிருந்து குளத்துக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார்.

"ஏன்டா, எம் பேரு இல்லியா?" என்றார்.

அவருக்கு வந்திருப்பது ஆஸ்துமா இல்லை, பீடியால் வந்த வேறு நோய், இந்தச் சோதனை அந்த நோய்க்கு இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"சரிங்க," என்றார்.

என்னை அவர் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. படித்தவன் சொன்னால் மரியாதை கொடுக்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

உறிஞ்சக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். கேப்சூலை இன்ஹேலரில் போட்டு, திருகி உடைத்து, வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பெண்களுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து உறிஞ்ச வெட்கம், ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவள் சிரித்துவிடுவாள். நுங்கை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சுங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

மாதம் ஒரு தடவை வருவேன். டாக்டரின் ஆள் ஒருத்தர் அவரவர் மூச்சை மீட்டரில் ஊதச் சொல்லிக் குறித்துக்கொள்வார். நான் பெட்டிகளைத் திறந்து உடைத்த காலிக் கேப்சூல்களை எண்ணுவேன். எண்ணிக்கை எல்லாப் பெட்டியிலும் அச்சாக இருக்கும். ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காள் வீட்டில் சாப்பிடுவேன். விரால் குழம்பு வைப்பாள், கண்டத்தை எனக்குப் போட்டுவிட்டுத் தலையை அவள் வைத்துக்கொள்வாள். என்னோடு வேலை செய்கிறவர்களிடம் நான் மார்தட்டிக்கொண்டேன். பட்டணத்து ஆள் பாதி மருந்தை மேஜை டிராயரில் மறந்துவிடுவான், என் ஜனம் ஒரு வேளைகூட விடவில்லை என்று.

வருஷம் முடிந்தது. உறையைப் பிரித்தார்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகள் வர வேண்டும், ஒன்று மேலே, ஒன்று கீழே. வந்ததென்னவோ ஒரே கோடுதான். ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தது. எல்லோருக்குமே மூச்சு கொஞ்சம் தேறியிருந்தது. ஆனால் இரண்டு மருந்து எடுத்தவர்களுக்கும் ஒரு மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இயக்குநர் நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். ஒன்றே போதும் என்றால் இரண்டாவதை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கண்ணாடிக் குடுவையில் நான் கண்ணால் பார்த்த மருந்து மனிதர்களுக்குள் போய் என்ன ஆயிற்று என்று புரியவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் இந்தக் கலவையைக் கைவிடுவதா என்று முடிவு செய்வதாக இருந்தார்கள். ஒருவேளை உறிஞ்சுவதில் தப்பு செய்கிறார்களோ, நுங்கு உதாரணம் சொன்னது தப்போ என்றெல்லாம் எனக்கு ஓடியது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஊருக்குப் புறப்பட்டேன்.

பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாய்க்கால் கரையில் ஒருவர் தலையில் புல்லுக்கட்டோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூட ஒரு பெண்பிள்ளை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் அவளோடு பேசிக்கொண்டே போனார். என் காலடி கேட்டுத் திரும்பினார். சித்தப்பா.

"வாங்க தம்பி, நாலு மணி பஸ்ஸா, தஞ்சாவூர்ல மழை உண்டா, இங்க ஒரு சொட்டு கெடயாது" என்றார்.

முழுவதும் ஒரே மூச்சில். தலையில் கட்டு. கரை ஏற்றம் வேறு. போன வருஷம் குளத்துக்குப் போவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்த மனிதர். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். என் மருந்து என்று நெஞ்சுக்குள் குதித்தது. அதன் பிறகுதான் யோசனை வந்தது. இவர் பட்டியலில் இல்லையே. ஏதோ பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அக்காள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எந்த மருந்து எடுக்கிறார் என்று கேட்டேன். அவள் கையைக்கூட நிறுத்தவில்லை.

"நீ கொடுத்ததுதான்" என்றாள்.

அப்புறம் கேட்கக் கேட்கச் சொன்னாள். ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. நான் பெட்டி கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே கொட்டகையில் கூடியிருக்கிறார்கள். எல்லாப் பெட்டியையும் உடைத்து ஒரு முறத்தில் கொட்டியிருக்கிறார்கள். பட்டியலில் இருந்த வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல், யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவர்கள் எல்லோருக்கும் எண்ணிப் பங்கு வைத்திருக்கிறார்கள். ரொம்ப முடியாதவர்களுக்கு இரண்டு பங்கு. மாதாமாதம் இப்படியே. இன்ஹேலரைக் கழுவித் துடைத்துக் கை மாற்றிக்கொள்வது. உடைத்த கேப்சூல்களை மறுபடி முறத்தில் சேர்த்து, நான் வருவதற்கு முதல் நாள் அந்தந்தப் பெட்டியில் கணக்காகப் போட்டு வைப்பது. பக்கத்துத் தெருக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு இதே மாதிரி செய்திருக்கிறார்கள்.

இரண்டு விதக் கேப்சூலும் முறத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டது. எல்லோரும் எல்லாவற்றையும் உறிஞ்சியிருக்கிறார்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுக்காமல் வேறு என்ன செய்யும்?

இது ஏன் என்று நான் கேட்கத் தேவையே இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டுத் தெருவே அறுவடைக்குப் போகாமல் நின்றது. ஒரு வாரம் கஞ்சி இல்லை. மிராசுதாரின் காரியக்காரர் கையில் ஒரு பட்டியலோடு வந்தார். இந்தப் பத்து வீட்டுக்கு மட்டும் கேட்ட கூலி உண்டு, இவர்கள் வரலாம் என்று வாசித்தார். பத்து வீடும் வயலில் இறங்கியது, போராட்டம் உடைந்தது, மற்றவர்களை அடித்து விரட்டினார்கள். சித்தப்பாவின் கை முறிந்தது அதில்தான். அதற்கப்புறம் தெரு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பெயர் வாசித்துக் கொடுக்கிற எதையும் எந்த வீடும் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்துக்குப் பட்டா வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. தாசில்தார் வாசித்த பெயர் ஒன்பது. உழுததும் அறுத்ததும் முழுத் தெருவும். அந்த நெல்லில் என் பங்கைத் தின்று வளர்ந்தவன் நான். வளர்ந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அதே கொட்டகையில் நின்று பட்டியல் வாசித்திருக்கிறேன்.

இதெல்லாம் இன்று எழுதும்போது ஒழுங்காக வருகிறது. அன்று கொல்லையில் நின்றபோது எனக்கு இந்த நியாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு மாதம் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, நான் காலிக் கேப்சூலை எண்ணுவதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். என் பெருமையைப் பார்த்து எத்தனை பேர் முந்தானையில் வாயைப் பொத்தியிருப்பார்கள்? என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டீர்களே, ஐந்து வருஷ உழைப்பு என்று கத்தினேன். அடுத்த வாரம் இந்த மருந்தையே மூடப்போகிறார்கள், தெரியுமா என்றேன்.

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த ஒரு வருஷத்துல இந்தத் தெருவுல மூச்சு முட்டி யாரும் சாவல. அது உங்க கணக்குல வராதா?" என்றாள்.

உங்க என்றது என்னையும் கம்பெனியையும் சேர்த்து. அது கணக்கில் வராது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன், கூப்பிடவில்லை.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்து நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மருந்து வேலை செய்கிறது, சோதனைதான் கெட்டது, மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆதாரம் இல்லாமல் யார் நம்புவார்கள்? பட்டியலில் இல்லாமல் மருந்து எடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் பெயர் பெயராகக் குறித்தேன். என் மருந்தைக் காப்பாற்ற அதைவிட்டால் எனக்கு வழி தெரியவில்லை. அப்போது கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். இது நிஜமென்றால் மாதாமாதம் எண்ணிச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான், பொய்யென்றால் தோற்றுப்போன மருந்துக்காக ஏழைகள்மேல் பழி போடுகிறவன் நான், இரண்டில் எதை வெளியில் காட்டச் சொல்கிறேன் என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். மறு சோதனை கிடையாது. கலவை கைவிடப்பட்டது. கடிதத்தின் நகல் ஒன்று மட்டும் தஞ்சாவூர் டாக்டருக்குப் போனது. சோதனை விதியை மீறியவர்களுக்கு இலவச மருந்து தர முடியாது என்று அவர் நிறுத்திவிட்டார். பேசியிருந்த இன்னொரு வருஷ மருந்து தெருவுக்கு வரவே இல்லை. என்னை இருமல் சிரப்புக்கு வாசனை சேர்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாசி அறுவடையில் சித்தப்பா இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. மருந்து நின்றதாலா, பீடியாலா, வயதாலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. தெருவில் எல்லோராலும் சொல்ல முடிந்தது. சாவுக்கு நான் போகவில்லை. யார் யாருக்குத் துரோகம் செய்தது என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அக்காளுக்குப் பொங்கலுக்குப் புடவை அனுப்புவேன், கடிதம் எழுத மாட்டேன்.

சில வருஷங்கள் போயின. வேறொரு கம்பெனி, அதே ஜோடியான மருந்துகளை ஒரே கேப்சூலில் போட்டுக் கொண்டுவந்தது. மருந்துக் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, என் பிள்ளையை இன்னொருத்தர் மடியில் பார்த்த மாதிரி இருந்தது. ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சமாதானம் செய்துகொள்ள அல்ல. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

அக்காள் இளைத்துப் பாதியாகியிருந்தாள். மில் வேலையை விட்டுவிட்டாள். என்னைப் பார்த்து வா என்றாள், உட்காரச் சொன்னாள், பெட்டியை வாங்கிப் பார்த்தாள். நீ பண்ணதா என்றாள். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இதுவும் முறத்துக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்க வந்ததைக் கேட்டேன். தெரு முடிவு பண்ணியது சரி, கட்டுப்பாடு சரி. உன் கையால் வளர்ந்தவன் நான். மாதாமாதம் உன் வீட்டில் சாப்பிட்டேன். இலை போடும்போது ஒரு தடவையாவது என்னிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா?

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மொத நாளே கொட்டகையில இந்தப் பேச்சு வந்துது. ஒன்கிட்ட சொல்லிடலாமா வேணாமான்னு. சித்தப்பா சொல்லலாம்னுதான் சொன்னாரு. அவன் நம்ம புள்ள, கூட நிப்பான்னாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா எழுதிடுவான்னேன்."

வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அக்காள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள்.

"எழுதினியா, இல்லியா?"

எழுதினேன் என்றேன். அந்தக் கடிதத்தில் நான் முதலாவதாகக் குறித்த பெயர் சித்தப்பாவுடையது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.